கேக் மீது போட்ட குழாய்

அன்று அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்காரர் ராமசுப்ரமணியன், அவர் மனைவி ருக்மிணி, ராமசுப்ரமணியனின் தகப்பனார் மகாதேவன், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரி நேசமலர், இந்திய அரசின் பிரதிநிதியாக டெல்லியிலிருந்து வந்திருந்த மாரிசாமி, பாகிஸ்தான் அரசின் பிரதிநிதியாக வந்திருந்த லாகூர்க்காரர் தன்வீர் குரேஷி, கம்பெனியின் துணைத் தலைவர் ஹாங்க் மெல்ட்டன். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. நேசமலரின் கணவர் டாக்டர் அல்பிரட்கூட ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டியிருக்கிறது. ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கும் நம் ஊர் மளிகைக் கடைகளில் "நான் அப்போ அங்கதான் இருந்தேன், என் கண்ணால பார்த்தேன்" என்று ஆரம்பிக்கிறவர்கள் அத்தனை பேரும் உண்மையிலேயே வந்திருந்தால், ஊருக்கு வெளியே கேட்டி என்ற இடத்தில் இருக்கும் அந்த வீட்டின் சுவர்கள் தாங்கியிருக்காது.

1998 மே மாதம். அமெரிக்காவில் மெமோரியல் டே விடுமுறை வரும் வார இறுதியின் ஞாயிற்றுக்கிழமை. இந்தியா ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்து இரண்டு வாரம் முழுசாக ஆகவில்லை. நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று பாகிஸ்தானுக்கும் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே குழாயில் எரிவாயு கொண்டுவரலாம் என்று ஹூஸ்டனில் ஒரு கம்பெனி திட்டம் போட்டிருந்தது இந்தச் சமயத்தில்தான்.

திட்டம் எளிமையானது. மத்திய ஆசியாவின் மணலுக்கு அடியில் எரிவாயு கிடந்தது. அதைக் குழாயில் ஏற்றி, ஆப்கானிஸ்தானத்தையும் பாகிஸ்தானையும் தாண்டி, டெல்லிவரை கொண்டுவந்து சேர்க்கவேண்டும். வாயு தேவையில்லை என்று இரண்டு நாடும் சொல்லவில்லை. இரண்டுக்கும் அடுப்பு எரியவேண்டும், உரத் தொழிற்சாலை ஓடவேண்டும், மின்சாரம் வேண்டும். குழாயை மூடித் திறக்கும் பெரிய வால்வு எல்லையில் யார் பக்கம் இருப்பது என்பதில்தான் மூன்று வருஷமாக இழுபறி. பாகிஸ்தான் பக்கம் இருந்தால் கோபம் வந்த அன்றைக்கு அவர்கள் மூடிவிடுவார்கள் என்றது இந்தியா. இந்தியப் பக்கம் இருந்தால் எங்கள் மண்ணில் ஓடும் குழாய்க்கு அவர்கள் எசமானர்களா என்றது பாகிஸ்தான்.

ராமசுப்ரமணியன் அந்தக் கம்பெனியில் குழாய்ப் பொறியாளர். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வால்வு வைத்துவிடலாம் என்ற யோசனை அவருடையது. ஒருவர் மூடினால் மற்றவரும் மூடலாம். ஆக இரண்டு பேருக்கும் சம மரியாதை. ஹாங்குக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு வால்வுக்குப் பதில் இரண்டு விற்பனை ஆகுமே. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் இரண்டு பிரதிநிதிகளும் இதற்குச் சம்மதம் என்று வாயால் சொன்னால் திட்டம் நகரும். சொல்லாவிட்டால் அந்தத் திட்டத்தின் கதவை இழுத்துச் சாத்திவிடுவதாகக் கம்பெனி முடிவு செய்திருந்தது. கதவோடு சேர்ந்து ராமசுப்ரமணியனின் வேலையும் போகும். வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த கிரீன் கார்டு மனுவும் போகும். ஆறு வருஷமாகக் காத்திருந்த மனு அது.

கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் ஒரு வீட்டில் உட்காரவைத்து நன்றாகச் சாப்பாடு போடு, சாப்பிட்ட வயிறு சண்டை போடாது என்று ஹாங்க்தான் சொன்னார். அந்த மனிதர் அதுவரை ஒரு தமிழ்க் கல்யாணத்தையும் பார்த்ததில்லை.

மகாதேவன் சென்னையிலிருந்து வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இந்திய அரசின் எண்ணெய், எரிவாயு இலாகா ஒன்றில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பு நேராக நிற்கும். டெக்ஸாஸ் வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்க்கமாட்டார். தன் குடும்பத்தில் ஒருவரும் யாருக்கும் எதிரில் குனிந்து நின்றதில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பேப்பர் போட வருகிற ஆளிடமும் சொன்னதாகக் கேள்வி. அதை நம்புவதற்கு இடமிருக்கிறது.

அவருடைய உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிற தொழில்நுட்பப் புத்தகம் எதுவானாலும் சரி, அதில் இந்தியாவின் வரைபடம் இருந்தால் முதலில் அவர் மேசைக்கு வரும். காஷ்மீர் முழுசாக இந்தியாவுக்குள் இல்லை என்றால், இந்த எல்லைகள் சரியானவை அல்ல என்று பொறித்த ரப்பர் முத்திரையை எடுத்து அந்தப் படத்தின் மேல் ஒரு குத்துக் குத்துவார். இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் படங்கள். இலாகாவில் குழாய் போட்ட பொறியாளர்கள் உண்டு. எல்லையைக் காத்த பொறியாளர் அவர் ஒருவர்தான் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமையே ராமசுப்ரமணியன் தகப்பனாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்பா, நாலே நாலு விஷயம் மட்டும் நாளைக்குப் பேசாதீங்கோ. காஷ்மீர், குண்டு, கிரிக்கெட், செவன்டி ஒன் வார்."

"சாப்பாட்டைப் பத்திப் பேசலாமா?"

"தாராளமா பேசுங்கோ."

"பாஸ்மதி யாரோடதுன்னு அந்த மனுஷன் கேட்டா?"

"டெக்ஸாஸ்காரன்தான் அதுக்கு பேடண்ட் வாங்கிட்டானே. அவனோடதுன்னு சொல்லிடுங்கோ."

வருகிற மாரிசாமி ஒன்பது வருஷம் தன் கீழே ஜூனியராக இருந்தவன், தான் கண்ணைக் காட்டினால் உட்காருவான், எழுந்திருப்பான் என்பது மகாதேவனின் எண்ணம். பிள்ளைக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க அவசியமில்லை என்று இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேசமலர் கேக்கைக் கொண்டுவந்தாள். ஐசிங் வேலையில் அவளை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஞானஸ்நானம், பிறந்தநாள், பட்டமளிப்பு எல்லாவற்றுக்கும் அவள்தான். இது முட்டை போடாத கேக். அதன் மேல் தெற்காசியாவின் படமே வரைந்திருந்தாள். இந்தியா ஆரஞ்சு நிறம், பாகிஸ்தான் பச்சை, ஆப்கானிஸ்தான் பழுப்பு. நடுவில் மஞ்சள் ஐசிங்கில் கயிறுபோல ஒரு குழாய் பாகிஸ்தான் வழியாக வந்து டெல்லியில் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு சின்ன நீலச் சுடர். மிச்ச ஐசிங்கைக் கிண்ணம் கிண்ணமாகத் தட்டில் வைத்து, "எங்கையாவது உடைஞ்சால் ஒட்டுறதுக்கு" என்று சொல்லிவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதாகப் போய்விட்டாள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. மகாதேவனே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் படத்தின் தலைமாட்டில் ஓர் இடம் ஆரஞ்சாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை; வெள்ளையாக விட்டிருந்தது. அமெரிக்கப் பள்ளிக்கூட அட்லஸில் அப்படித்தான் இருந்ததாம். மகாதேவனின் வலது கை தானாகவே மேசைமேல் முத்திரையைத் தேடியது.

ராமசுப்ரமணியன் விருந்தினரை அழைத்துவர ஹோட்டலுக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் வடை சுட்டால் புகை அலாரம் கத்தும் என்று ருக்மிணி கராஜில் அடுப்பு வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். மகாதேவன் ஆரஞ்சுக் கிண்ணத்தையும் ஒரு டீஸ்பூனையும் எடுத்துக்கொண்டார். பொறியாளர் அல்லவா, கண்மட்டமாகச் செய்கிற வழக்கம் கிடையாது. அளவுகோல் வைத்துத்தான் செய்தார். வெள்ளை இருந்த இடமெல்லாம் ஆரஞ்சு ஆயிற்று. காஷ்மீர் முழுசாக உள்ளே வந்தது.

அத்தோடு நின்றிருந்தால்கூடச் சரியாகப் போயிருக்கலாம். ஆனால் எல்லையைச் சரிசெய்த பிறகு அவர் கண்ணில் ஒன்று பட்டது. இப்போது இந்தியா வடக்கே ஏறிப்போய் ஆப்கானிஸ்தானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சரியான வரைபடத்தின்படி ஆப்கானிஸ்தானம் நமக்கு நேரடிப் பக்கத்து வீடு. அப்படியிருக்க, எதற்காகக் குழாய் பாகிஸ்தான் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்? மூன்று வருஷமாக அமெரிக்கர்கள் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு திண்டாடிய சிக்கல் ஒரு டீஸ்பூனில் தீர்ந்துவிட்டது. அவர் மஞ்சள் குழாயை மெதுவாகச் சுரண்டி எடுத்து, ஆப்கானிஸ்தானத்திலிருந்து நேராகக் காஷ்மீர் மலைகளின் மேல் ஏற்றி, டெல்லியில் இறக்கினார். அந்த மலைகளின் உயரம் இருபதாயிரம் அடிக்கு மேல். கேக்கில் எல்லாம் ஒரே மட்டமாக இருந்தது.

பிறகு கேக்கின் மேல் மூடியைக் கவிழ்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

விருந்தினர் வந்தார்கள். மாரிசாமி வாசலிலேயே மகாதேவனைப் பார்த்துக் கைகூப்பி, "சார், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சோபாவில் உட்கார்ந்துகொண்டார். மகாதேவன் அதைக் குறித்துக்கொண்டார். குரேஷியோ வாசலில் நின்று, ஜனாப், உங்கள் அனுமதியோடு, என்று ஆங்கிலத்தில் கேட்ட பிறகே உள்ளே காலை வைத்தார். எதிரி நாட்டுக்காரனுக்கு இருக்கிற மரியாதை நம் ஆளுக்கு இல்லையே என்பது மகாதேவனுக்கு ஒரு உறுத்தலாக இருந்தது.

இரண்டு பிரதிநிதிகளும் காரிலேயே சிநேகமாகியிருந்தார்கள். இருவரும் முதல் நாள் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கியிருந்தார்கள். இரண்டு பேரின் தலைநகரமும் தினப்படியைக் குறைத்திருந்தது. சாம்பார் பரிமாறும்போது பேச்சு அடுப்புக்கு வந்தது. குளிர்காலத்தில் லாகூரில் குழாய் வாயுவின் அழுத்தம் அடியோடு போய்விடும், பால் காய்ச்ச என் மனைவி விடிவதற்கு முன் எழுந்திருக்கிறாள் என்றார் குரேஷி. மாரிசாமி தன் வீட்டுக் கதையைச் சொன்னார். டெல்லியில் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் தவம் கிடக்கவேண்டும். வருகிறவனும் பாதி சிலிண்டரைத்தான் கொண்டுவருவான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். குரேஷி உருளைக்கிழங்கு வறுவலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாயசம் வந்தபோது ராமசுப்ரமணியன் நைசாக இரண்டு வால்வு விஷயத்தை எடுத்தார். குரேஷி கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு பக்கமும் பூட்டு இருந்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். எங்களுக்கும் இல்லை என்றார் மாரிசாமி. ராமசுப்ரமணியனின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். ஆறு வருஷமாக அடைத்துக்கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல இருந்தது. ருக்மிணி கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

மகாதேவனும் அந்த முகத்தைப் பார்த்தார். பெற்ற பிள்ளை. கேக் உடைந்துவிட்டது, வேண்டாம் என்று ருக்மிணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூடி மூடியாகவே இருந்துவிடும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சொல்லத்தான் வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மாரிசாமி, வயிறு நிறைந்த மகிழ்ச்சியில், குரேஷி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மகாதேவனை அறிமுகப்படுத்தினார். இவர் என் பழைய மேலதிகாரி, பெரிய மனிதர் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறினார்.

"ஆனா சார், உங்க காலத்துல நாம மேப்புல ஸ்டாம்பு குத்திக்கிட்டே இருந்துட்டோம். குழாய்னு ஒண்ணைப் போடவே இல்ல."

மகாதேவன் வாயை மூடிக்கொண்டார். இருபது வருஷ உத்தியோகத்தை ஒரு ஜூனியர், அதுவும் தன் பிள்ளை வீட்டுப் பாயசத்தைக் குடித்துக்கொண்டே, இரண்டு வரியில் முடித்துவிட்டான். அதன் பிறகு அவர் சொன்னது ஒன்றுதான்.

"ருக்மிணி, கேக்கைக் கொண்டா."

நேசமலர் பெருமையோடு, ஐசிங் கிண்ணங்கள் இருந்த தட்டோடு, தானே கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். திறந்த கையைக் கீழே இறக்கவில்லை.

"இதார் செய்தது? நான் அட்லஸைப் பாத்துத்தானே கீறினனான். என்ரை பைப்லைன் எங்கை?"

"அட்லஸ் தப்பும்மா," என்றார் மகாதேவன். "நான் சரிபண்ணியிருக்கேன்."

குரேஷி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கேக்கைக் குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பச்சை நிறத்தில் ஒரு பொட்டுக்கூட மஞ்சள் இல்லை. ஜனாப், இந்த மலைகளின் மேல் வாயுவைத் தள்ளும் கம்ப்ரஸரை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று மரியாதையாகவே கேட்டார்.

"நாங்க தூக்கிண்டு போவோம்," என்று தமிழிலேயே சொன்னார் மகாதேவன். பிறகு அதை ஆங்கிலத்திலும் சொன்னார்.

இது வெறும் கேக், அளவுப்படி வரைந்ததல்ல என்று ராமசுப்ரமணியன் குறுக்கே விழுந்து சொன்னார். குரேஷி புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே, ஒரு ஸ்பூன் கிடைக்குமா என்று ருக்மிணியிடம் கேட்டார். அவள் பாவம், பாயசத்துக்கு என்று நினைத்துக் கொடுத்துவிட்டாள். அவர் பச்சைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு, மகாதேவன் ஆரஞ்சு பூசிய காஷ்மீரின் மேல் ஓரம் விடாமல் பச்சை பூசினார். மஞ்சள் குழாயைச் சுரண்டி எடுத்துப் பழைய வழியிலேயே லாகூர்வரை போட்டார். அங்கே நிறுத்தி, நீலச் சுடரையும் டெல்லியிலிருந்து கிள்ளி எடுத்து லாகூரில் நட்டார். இப்போதைக்கு இது போதும் என்றார்.

எல்லாரும் மாரிசாமியைப் பார்த்தார்கள். மாரிசாமி மகாதேவனைப் பார்த்தார். மகாதேவன் ஆரஞ்சுக் கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"சார், நான் இதுல கை வெச்சா நாளைக்கு டெல்லியில என் மேல ஃபைல் போடுவாங்க," என்றார் மாரிசாமி தாழ்ந்த குரலில்.

"வைக்கலைன்னா?"

"வைக்கலைன்னா நீங்களே டெல்லிக்கு லெட்டர் எழுதிருவீங்க."

"தெரியறதோல்லியோ."

மாரிசாமி கேக்கைத் தொடவில்லை. அந்த அளவுக்கு அவர் கெட்டிக்காரர். ஆனால் எழுந்து நின்றார். ஒன்பது வருஷம் மகாதேவனின் அறையில் நின்ற அதே மாதிரி நின்று, கேக்கில் காட்டப்பட்டுள்ள எல்லைகளை இந்திய அரசு ஏற்கவில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். குரேஷியும் உடனே எழுந்து, கேக்கில் முதலில் செய்யப்பட்ட திருத்தத்தைப் பாகிஸ்தான் அரசு ஏற்கவில்லை என்றார். மேசையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் விறைப்பாக நின்றார்கள். நடுவில் பாயசம் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் ஹாங்க் வந்து சேர்ந்தார். மாமனார் வீட்டில் மாட்டிறைச்சி வாட்டித் தின்றுவிட்டு, இனிப்புக்கு மட்டும் வருவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். இரண்டு பேரும் எழுந்து நிற்பதைப் பார்த்து, தனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார். பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால், வெட்கப்படுகிறார்கள் என்று தானாகவே கத்தியை எடுத்தார்.

அவர் வெட்டியது ஒரே இழுப்பில், வடக்கிலிருந்து தெற்காக, ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் நடுவில், ஏறக்குறைய எல்லைக்கோட்டின் மேலேயே போயிற்று. பிறகு குறுக்கே இரண்டு வெட்டு. மாரிசாமிக்கு ஒரு பச்சைத் துண்டும் குரேஷிக்கு ஓர் ஆரஞ்சுத் துண்டும் வந்தன. இருவரும் துண்டைத் தொடாமல் தட்டை மேசைமேல் வைத்தார்கள். தலைமாட்டுத் துண்டில்தான் ஐசிங் அதிகம், வெள்ளை, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று பூச்சு. அதை ஹாங்க் தானே எடுத்துக்கொண்டார். அற்புதமாக இருக்கிறது, இதை யார் செய்தது என்று வாய் நிறையக் கேட்டார்.

நான்தான் செய்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள் நேசமலர். பிறகு தமிழில், "மிச்சத்தைக் கெடுத்தது இவையள்," என்று சொல்லி, தனக்கும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரமாக உட்கார்ந்து தின்றாள். அவளையும் ஹாங்கையும் தவிர வேறு யாரும் தின்னவில்லை.

விருந்தினரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த ராமசுப்ரமணியன் தகப்பனாரிடம் சத்தம் போடவில்லை. அந்தக் குடும்பத்தில் பெரியவர்களிடம் சத்தம் போடுகிற வழக்கம் இல்லை.

"எல்லை கரெக்ட்தான் அப்பா," என்றார். "விசாதான் இனிமே இருக்குமான்னு தெரியலை."

"மாரிசாமி எழுந்து நின்னான், பார்த்தியா?" என்றார் மகாதேவன்.

ராமசுப்ரமணியன் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்து வைக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இரண்டு பிரதிநிதிகளும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். குழாய் பாகிஸ்தானைத் தொடாமல் வர வழியுண்டா என்று ஆராயவேண்டும் என்றார் மாரிசாமி. லாகூரோடு நிறுத்திவிட்டால் செலவு எவ்வளவு குறையும் என்று ஆராயவேண்டும் என்றார் குரேஷி. மேற்கொண்டு ஆராயவேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒரே மனதாக இருப்பதாக ஹாங்க் குறித்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் இரண்டு நாடும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. தனக்கு வராவிட்டாலும் பாதகமில்லை, பக்கத்து வீட்டுக்கு வந்துவிடக்கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் கொஞ்சமும் வேற்றுமை இல்லை. வியாழக்கிழமை பாகிஸ்தானும் குண்டு வெடித்தது. இந்தியாவின் மேல் ஏற்கனவே போட்டிருந்த பொருளாதாரத் தடையை அமெரிக்கா பாகிஸ்தான் மேலும் போட்டது. கம்பெனி அந்தத் திட்டத்தை மூடியது. லாகூரில் குரேஷியின் மனைவி விடிவதற்கு முன் எழுந்துகொண்டிருந்தாள். டெல்லியில் மாரிசாமியின் மனைவி சிலிண்டருக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

ராமசுப்ரமணியன் குடும்பத்தோடு நியூ ஜெர்ஸிக்குப் போய், பிஸ்கட்டவேயில் மருந்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்தார். கிரீன் கார்டுக்கு மறுபடி முதலிலிருந்து மனுப் போட்டார்.

மகாதேவன் கேக்கைக் கெடுத்ததால்தான் அவர் பிள்ளைக்கு வேலை போயிற்று என்று ஹூஸ்டனிலும் பிஸ்கட்டவேயிலும் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. கம்பெனியில் அந்தத் திட்டம் நடந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. அவர்களில் கேக் தின்றவர் ஹாங்க் ஒருவர்தான்.